லுஃபேவ்ர், ஃபாப்ர், ஃபோர்: ஃபிரெஞ்சு குடும்பப் பேருக்குப் பின்னாடி இருக்கற தொழிலைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

ஃபிரான்ஸ்ல கல்யாணம் பண்ணி வந்தவங்க, இங்கயே பசங்க வளர்றவங்க எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும், நம்ம குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம், எங்கேருந்து வந்துச்சுன்னு. எங்க வீட்டுக்காரர் பேர் லுஃபேவ்ர் (Lefebvre). நெட்ல போட்டா ஒரே வரில "கொல்லர்"னு பதில் வந்துடும், அது தப்பும் இல்ல. ஆனா அந்தக் கொல்லர் எந்தப் பக்கத்துக் கொல்லர், ஒரே குடும்பத்துல மூணு விதமா ஏன் எழுதியிருக்காங்க, நடுவுல உச்சரிக்காத ஒரு பி எழுத்து ஏன் உக்காந்திருக்குன்னு எதுவும் அந்த ஒரு வரில கிடையாது. இதையெல்லாம் தேடி நான் நிறைய அலைஞ்சேன், சொல்லித்தர ஆள் இல்ல, அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அகராதி கடைசிலதான். முதல்ல குடும்பம் எந்த ஊர், அந்த ஊர்ல பழைய காலத்துல பேரை எப்படி எழுதினாங்க, இந்த ரெண்டும் கைல இருந்தாதான் அகராதி சொல்ற அர்த்தம் உங்க குடும்பத்துக்குப் பொருந்துதான்னு பாக்க முடியும். இன்னொண்ணு, இந்தப் பேர்கள் பரம்பரையா ஒட்டிக்கிட்டது சுமாரா 12ஆம் நூற்றாண்டுல இருந்து 15ஆம் நூற்றாண்டுக்குள்ள, ஆனா ஊர் ரெஜிஸ்டர் பெரும்பாலும் 1600களுக்கு மேல பின்னாடி போகாது. முதல் கொல்லரோட பேரும் முகவரியும் கிடைக்கும்னு எதிர்பார்த்து இறங்காதீங்க.

1. வீட்ல இருக்கற பேப்பர்

லீவ்ரே தெ ஃபாமீய், அதாவது கல்யாணத்தப்போ மெரில (ஊர் நிர்வாக ஆபீஸ்ல) குடுக்கற குடும்பப் புத்தகம், அதைத் தேடுங்க. 1877ல இருந்து குடுக்கறாங்க, அதனால பாட்டி வீட்டு அலமாரில கொள்ளுத்தாத்தாவோடதே இருக்க வாய்ப்பு உண்டு. அதுல பிறந்த தேதி, ஊர், பெத்தவங்க பேர் எல்லாம் இருக்கும். மிலிட்டரி புத்தகம், சாவு அறிவிப்பு அட்டை, கல்லறைல இருக்கற பேர் தேதி, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

வயசானவங்க இருந்தா இப்பவே உக்காந்து பேசுங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க. அவங்ககிட்ட கேக்க வேண்டியது அர்த்தம் இல்ல, ஊர் பேர். "வடக்குல எங்கயோ"ன்னு சொன்னா போதாது, எந்தக் கொம்யூன்னு (நம்ம ஊராட்சி, நகராட்சி மாதிரி) தெரியணும், ஏன்னா ஃபிரான்ஸ்ல ரெஜிஸ்டர் எல்லாமே கொம்யூன் வாரியாதான் இருக்கு, ஊர் தெரியலன்னா எந்த ஆபீஸ்லயும் உங்களுக்கு எதையும் தேடித் தர மாட்டாங்க.

2. ஊர் தெரியலன்னா: இறந்தவங்க பட்டியல்

இன்சே (தேசிய புள்ளிவிவர நிறுவனம்) 1970ல இருந்து இறந்தவங்களோட பட்டியலை 2019 கடைசில எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டுச்சு. பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இறந்த தேதி, இறந்த ஊர் எல்லாம் அதுல இருக்கு. மாச்ஐடின்னு ஒரு இலவச தளத்துல தேடலாம், ஜெனியாநெட்ங்கற வம்சாவளித் தளத்துலயும் தேடலாம். 1890கள்ல பிறந்து 1972ல இறந்த கொள்ளுத்தாத்தா கூட இதுல மாட்டுவார், அப்படி மாட்டினா ஒரே நிமிஷத்துல 19ஆம் நூற்றாண்டுக்குள்ள போயிடறீங்க.

பொம்பளைங்களை தேடறப்போ பிறந்த வீட்டுப் பேர்ல தேடுங்க. ஃபிரெஞ்சு ஆவணத்துல பொண்ணு சாகற வரைக்கும் அவ பிறந்தப்போ இருந்த பேர்லதான் இருப்பா, புருஷன் பேர் பழக்கத்துல வர்றது மட்டும்தான். மாமியார் பேரை லுஃபேவ்ர்னு போட்டுத் தேடிட்டு ஒண்ணும் வரலயேன்னு விட்டுடாதீங்க.

3. மெரில அக்ட் (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு) வாங்கறது

இப்போ உள்ளவங்கள்ல இருந்து 75 வருஷம் பின்னாடி போற வரைக்கும் நெட்ல எதுவும் கிடைக்காது, பிறந்த ஊர் மெரிக்குத்தான் எழுதணும்.

பிறப்பு, கல்யாண அக்ட் 75 வருஷத்துக்கு அப்புறம்தான் எல்லாருக்கும் திறக்கும், சம்பந்தப்பட்டவர் இறந்து 25 வருஷம் ஆகி அது முன்னாடியே வந்துட்டா அதுவே போதும். இறப்பு அக்ட்டுக்கு காத்திருக்கவே வேணாம், யாரு வேணாலும் கேக்கலாம். 75 வருஷத்துக்கு உள்ள இருக்கற பிறப்பு அக்டோட முழு காப்பி வேணும்னா அந்த ஆளு, அவர் கணவன் அல்லது மனைவி, பெத்தவங்க, தாத்தா பாட்டி, பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கதான் கேக்க முடியும். மருமகளா நீங்க கேட்டா குடுக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பேர்லயோ பசங்க பேர்லயோ கேளுங்க, அடையாள அட்டை காப்பியும் உறவைக் காட்டற லீவ்ரே காப்பியும் கூட வைங்க.

கேக்கும்போது "கொப்பி ஆன்தேக்ரால்"னு, அதாவது முழு காப்பின்னு கண்டிப்பா எழுதுங்க. சுருக்கத்துல எல்லா விவரமும் வராது, முழு காப்பிலதான் பதிவு அப்படியே வரும், அதோட ஓரத்துல எழுதற குறிப்புகள் நமக்கு தங்கம். 1897ல இருந்து பிறப்பு அக்ட் ஓரத்துல கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சுன்னும், 1945ல இருந்து சாவு எங்கன்னும் குறிக்கறாங்க, அதை வச்சு அடுத்த ஊருக்குத் தாவலாம்.

செலவு பூஜ்யம். ஃபிரான்ஸ்ல மெரி குடுக்கற அக்ட் காப்பிக்கு ஒரு சென்ட் கூட கிடையாது, தபால்ல கேட்டா திரும்பி அனுப்ப ஸ்டாம்ப் ஒட்டின கவர் வைக்கணும், அவ்வளவுதான். தேடல்ல முதல்ல வர்ற சில தனியார் தளம் அரசாங்க தளம் மாதிரியே நீலம் வெள்ளை சிவப்புல இருக்கும், கார்டு நம்பர் கேக்கும், ஃபார்ம் நிரப்பற அதே வேலையைத்தான் நமக்காக பண்றாங்க. அரசாங்கத்தோட செர்வீஸ் பப்ளிக் தளத்துல இருந்தோ மெரியோட சொந்த தளத்துல இருந்தோ மட்டும் கேளுங்க. கார்டு நம்பர் கேட்டாலே மூடிடுங்க.

பெரிய ஊர் மெரி சீக்கிரம் அனுப்பிடும், சின்ன கிராமத்துல மெரி வாரத்துல ரெண்டு நாள் அரை நேரம்தான் திறந்திருக்கும், அங்க ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும். ஆகஸ்ட் மாசம் எழுதாதீங்க. இன்னொரு விஷயம், சின்ன கொம்யூன் பலதை சேர்த்து ஒண்ணாக்கியிருக்காங்க, பழைய ஊர் பேருக்கு மெரி இல்லன்னா அது எதோட சேர்ந்துச்சுன்னு பாத்து அங்க எழுதுங்க.

4. தெபார்த்மான் ஆர்ஷீவ்: உண்மையான வேலை இங்கதான்

75 வருஷத்தைத் தாண்டினதும் வேற உலகம். ஒவ்வொரு தெபார்த்மானுக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு ஆர்ஷீவ், அதாவது ஆவணக் காப்பகம், இருக்கு, ரெஜிஸ்டர்களை ஸ்கேன் பண்ணி அவங்க தளத்துல இலவசமா போட்டிருக்காங்க. வீட்லயே ராத்திரி பசங்க தூங்கினதும் உக்காந்து பாக்கலாம்.

வரிசை இப்படி வச்சுக்கோங்க. முதல்ல தாப்ல் தெசெனால்னு இருக்கற பத்து வருஷ அட்டவணை, 1803-1812, 1813-1822ன்னு போகும், அதுல எழுத்து வரிசைல பேரும் தேதியும் இருக்கும். அங்க தேதியை எடுத்துக்கிட்டு அந்த வருஷ ரெஜிஸ்டர்ல அக்ட்டைத் தேடுங்க. பேர் முன்னாடி "லு" சேர்ந்திருக்கறதால ஒரு சிக்கல் இருக்கு, சில கிளார்க் எல் எழுத்துக்கு கீழ வைப்பார், சிலர் லு ஃபேவ்ர்னு பிரிச்சு எஃப்புக்கு கீழ வைப்பார். ரெண்டுலயும் பாக்காம "இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பிறப்புல இருந்து பிறப்புக்குப் போறதை விட கல்யாணத்துல இருந்து கல்யாணத்துக்குத் தாவுங்க. 19ஆம் நூற்றாண்டு கல்யாண அக்ட் ஒண்ணுல மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட வயசு, பிறந்த ஊர், தொழில், ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேர், அவங்க உயிரோட இருக்காங்களா, நாலு சாட்சிங்க, அவங்க தொழில், உறவு, கடைசில கையெழுத்துன்னு எல்லாம் வந்துடும், அதாவது ஒரே பக்கத்துல ஒரு தலைமுறை முழுசா கிடைக்குது. அந்தக் கையெழுத்தை தனியா க்ராப் பண்ணி வைங்க, பேரை குடும்பத்துக்காரங்களே எப்படி எழுதினாங்கன்னு காட்டற ஒரே சாட்சி அதுதான், மத்ததெல்லாம் கிளார்க் எழுதினது.

தொழில் கட்டத்தைப் பாத்து மனசு உடையாதீங்க. லுஃபேவ்ர்னு பேர் வச்சவங்க ஃபோர்ஜ்ரோன், அதாவது கொல்லராவே இருப்பாங்கன்னு தேடினா, ஜுர்னாலியேன்னு கூலி ஆளா, திஸ்ரான்னு நெசவாளியா, வடக்குல சுரங்கத் தொழிலாளியா வருவாங்க. அது சரிதான். பேர் ஒட்டினது ஒரு மூதாதைக்கு, அதுக்கப்புறம் அஞ்சாறு நூற்றாண்டு ஓடிப்போச்சு. மரேஷால் ஃபெரான்னு குதிரைக்கு லாடம் கட்டறவர், தையாந்தியேன்னு கோடாலி அரிவாள் அடிக்கறவர், க்ளுத்தியேன்னு ஆணி அடிக்கறவர் யாராவது குடும்பத்துல வந்தா சந்தோஷமா குறிச்சு வைங்க, ஆனா அதைப் பேருக்கு ஆதாரம்னு எழுதிடாதீங்க.

இங்க மாட்டிக்கற இடங்கள்:

1793 கடைசில இருந்து 1805 முடியற வரைக்கும் தேதி எல்லாம் புரட்சிக் காலண்டர்ல இருக்கும், ப்ரூமேர், ஜெர்மினால், ஆண்டு 7ன்னு. மாத்திக் குடுக்கற கருவி நெட்ல இலவசமா இருக்கு, கையால கணக்குப் போட வேணாம்.

1792 செப்டம்பர்லதான் பதிவு வேலை பாதிரியார் கைல இருந்து மெரிக்கு மாறிச்சு. அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு பங்கு ரெஜிஸ்டர்னு (சர்ச்சுல எழுதி வச்ச பதிவு) தனி பிரிவுல போகணும், அங்க பிறப்புக்குப் பதிலா ஞானஸ்நானம், இறப்புக்குப் பதிலா அடக்கம். பத்து வருஷ அட்டவணை கிடையாது, பக்கம் பக்கமா புரட்டணும். நேரம் முழுக்க இங்கதான் போகும்.

பாரிஸ் குடும்பம்னா ரொம்ப கவனம். 1860க்கு முந்தின பாரிஸ் பதிவு ரெண்டு காப்பியும் 1871 மே மாசம் பாரிஸ் கொம்யூன்ங்கற புரட்சிக் கலவரத்துல எரிஞ்சு போச்சு, சுமாரா மூணுல ஒரு பங்குதான் திரும்ப எழுதி வச்சாங்க. அங்க கிடைக்கலன்னா அந்த ஆளு பாரிஸுக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஊரைக் கண்டுபிடிக்கப் பாருங்க, மிலிட்டரி ரெஜிஸ்டர் அதுக்கு உதவும்.

வடக்குல முதல் உலகப் போர்ல நிறைய எரிஞ்சிருக்கு. ஆனா 1667 சட்டத்துல இருந்து ரெஜிஸ்டர் ரெண்டு காப்பி எழுதணும், ஒண்ணு ஊர்ல, ஒண்ணு கோர்ட்ல. ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு இருக்கான்னு ஆர்ஷீவுக்கு ஒரு மெயில் போடுங்க, நல்லாவே பதில் சொல்றாங்க.

தேடிக்கிட்டே போய் ஒரு இடத்துல "ஆன்ஃபான் த்ரூவே", கண்டெடுத்த குழந்தைன்னு வந்து நின்னா, பேரோட கதையும் அங்கயே நின்னுடுது. ஆஸ்பத்திரியிலயோ மெரிலயோ யாரோ ஒருத்தர் வச்ச பேர் அது, அதுல தொழில் அர்த்தம் தேடக் கூடாது.

நேர்ல ஆர்ஷீவுக்குப் போறதா இருந்தா அடையாள அட்டை கொண்டு போங்க, வாசகர் அட்டை போட்டுக் குடுப்பாங்க, பென்சில் மட்டும்தான் உள்ள விடுவாங்க, ஃப்ளாஷ் இல்லாம போட்டோ எடுத்துக்கலாம். ரெஜிஸ்டரோட எண், பக்க எண் ரெண்டையும் ஒவ்வொரு அக்டுக்கும் எழுதி வைங்க, திரும்ப அதே பக்கத்தைத் தேடறது பெரிய கொடுமை.

5. பேரோட எழுத்து மாறும், அதுதான் துப்பு

பழைய பதிவுல ஒரே அப்பாவோட மூணு பிள்ளைங்களுக்கு மூணு எழுத்து இருக்கும். பி போட்டு ஒண்ணு, பி இல்லாம ஒண்ணு, "லு" பிரிச்சு ஒண்ணு. பாதிரியார் காதுல கேட்டதை எழுதினார், குடும்பத்துல நிறைய பேருக்கு படிக்கத் தெரியாது. எழுத்து வேறயா இருக்குன்னு வேற குடும்பம்னு ஒதுக்கிடாதீங்க, அப்பா அம்மா பேர், ஊர், சாட்சிங்களை வச்சு முடிவு பண்ணுங்க.

அந்த பி பத்தி. பழைய ஃபிரெஞ்சுல கொல்லருக்கு ஃபேவ்ர், நகை செய்யறவரை இன்னைக்கும் ஓர்ஃபேவ்ர்னு சொல்றாங்களே அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு. இது லத்தீன் ஃபாபெர்ல இருந்து வந்தது, அதுல ஒரு பி இருக்கு. பின்னாடி வந்த எழுத்தர்கள் லத்தீன் படிச்சவங்க, மூல வார்த்தையைக் காட்டணும்னு பி எழுத்தை திரும்பக் கொண்டு வந்து நுழைச்சாங்க, வாய்ல அது வரவே இல்ல. அந்தக் காலத்துல வி எழுத்தையும் யு மாதிரியே எழுதுவாங்க, அதைப் பாத்துப் படிச்சதுல லுஃபேபியூர்னு ஒரு புது உச்சரிப்பே பிறந்து சில குடும்பத்துல நிலைச்சும் போச்சு. மூணுமே ஒரே பேர்தான்.

வடக்கு எல்லையிலயும் அல்சாஸ்லயும் சில பங்கு ரெஜிஸ்டர் லத்தீன்ல இருக்கும். அங்க ஒருத்தர் பேர் பக்கத்துல ஃபாபெர் ஃபெராரியுஸ்னு இருந்தா அது இரும்புக் கொல்லர்னு தொழில் குறிப்பு, ஃபாபெர் லிக்னாரியுஸ்னா தச்சர். குடும்பப் பேர்னு நினைச்சு வம்ச மரத்துல ஏத்திடாதீங்க.

6. பேர் எந்தப் பக்கத்துல அடர்த்தின்னு பாருங்க

ஜியோபாத்ரோனிம்னு ஒரு இலவச தளம், 1891ல இருந்து 1990 வரைக்கும் பிறந்தவங்களை தெபார்த்மான் வாரியா நாலு காலமா பிரிச்சு மேப்ல காட்டும். முதல் காலம் 1891-1915, அதை மட்டும் நம்புங்க, அதுக்கப்புறம் எல்லாரும் பாரிஸ் பக்கம் குடிபோயிட்டாங்க.

லுஃபேவ்ர் போட்டா பி எழுத்து உள்ளது வடக்குல நோர், பா தெ கலே, பிக்கார்தி பக்கம் கருத்துக் கிடக்கும். இதே கொல்லர் தெற்குல ஃபாப்ர், பூச்சிகளைப் பத்தி எழுதின ஜான் ஆன்ரி ஃபாப்ர் 1823ல பிறந்தது அவேரோன்ல, அந்தப் பேரோட மண் அதுதான். தோஃபினே, லிமூசான் பக்கம் ஃபோர், சவ்வாவுல ஃபாவ்ர், ஃப்ரான்ஷ் கொந்தேல லு இல்லாம வெறும் ஃபேவ்ர், மேற்குல லுஃபோவ்ர், ப்ரெத்தாஞ்ல லு கோஃப், அல்சாஸ்ல ஷ்மித். எல்லாமே கொல்லர். தெற்குப் பேர்ல "லு" கிடையாது, வடக்குல உண்டு, அதனால பேரோட வடிவமே குடும்பம் வந்த திசையைச் சொல்லிடும். மேப்பும் உங்க அக்ட்டும் ஒரே திசையைக் காட்டினா நீங்க சரியான வழில இருக்கீங்க. எனக்கு இந்த முழு வேலைல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

7. இப்போ அகராதி

ரெண்டு பேர் புத்தகம் போதும், ஆல்பேர் தோசாவோட 1951 அகராதி, மாரி தெரேஸ் மோர்லேயோட 1991 அகராதி. விலை குடுத்து வாங்க வேணாம், பெரிய ஊர் நூலகத்துல இருக்கும், உங்க பேர் வர்ற பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கலாம். வார்த்தையோட பழைய வடிவத்துக்கு சிஎன்ஆர்டிஎல்னு நான்சியில இருந்து நடத்தற இலவச தளம் பாருங்க.

லுஃபேவ்ர் ஃபிரான்ஸ்ல அதிகமா இருக்கற முதல் இருபது பேருக்குள்ள வருதுன்னா காரணம் ஊர் முழுக்க கொல்லர் இருந்தது இல்ல, ஊருக்கு ஒருத்தர் மட்டும் இருந்தது. எல்லாரும் உழவர்னா "உழவர் பியேர்"னு கூப்பிட்டு யாரையும் அடையாளம் காட்ட முடியாது, "கொல்லர் பியேர்"னா ஒரே ஆளு. அவர் இல்லாம கலப்பை இல்ல, லாடம் இல்ல, ஆயிரக்கணக்கான கிராமத்துல தனித்தனியா இதே பேர் முளைச்சுது, அதனால ரெண்டு லுஃபேவ்ர் சந்திச்சா சொந்தக்காரங்கன்னு எடுத்துக்க முடியாது.

வேற பேர் தேடறவங்களுக்கு ஏமாத்தற சிலது சொல்றேன். லுசூயர் (Lesueur) பேர்ல வர்ற சூயர் இன்னைய ஃபிரெஞ்சுல வியர்வை, ஆனா பேர் அதுக்கு சம்பந்தப்பட்டது இல்ல, செருப்பு தைக்கறவர். பார்மான்தியே தையல்காரர். ஃபூர்னியே ஊர்ப் பொது ரொட்டி அடுப்பை நடத்தினவர். கார்லியேயும் ருவாயேயும் வண்டிச் சக்கரம் செய்யறவங்க, ஒண்ணு வடக்கு, ஒண்ணு கிழக்கு. திசியே, தெஸ்சியே, தெக்சியே மூணும் நெசவாளி. மாசோன் கொத்தனாராவும் இருக்கலாம், தோமா பேரோட செல்லச் சுருக்கமாவும் இருக்கலாம், இதைத் தீர்க்க ஊர்ப் பதிவுதான் உதவும். லெருவாவும் லெவேக்கும் ராஜாவோ பிஷப்போ இல்ல, பெரும்பாலும் பட்டப்பேர்.

8. காசு போகாம பாத்துக்க

"உங்க குடும்ப சின்னம்"னு ஃப்ரேம் போட்டு வித்தா வாங்காதீங்க, சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்குச் சொந்தம், பேருக்கு இல்ல, லுஃபேவ்ர்னு உள்ள எல்லாருக்கும் ஒரு சின்னம்னு எதுவும் கிடையாது. பேர் வரலாறுன்னு அச்சடிச்ச சான்றிதழும் அப்படித்தான்.

வெளிநாட்டு டிஎன்ஏ கிட் ஆர்டர் பண்ணாதீங்க. ஃபிரான்ஸ்ல பரம்பரை பாக்கறதுக்காக அதைச் செய்யறது சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரைக்கும் அபராதம் இருக்கு, பேரோட அர்த்தத்தை டிஎன்ஏ சொல்லவும் சொல்லாது. ஜெனியாநெட்ல இலவசக் கணக்கே ஆரம்பத்துக்கு போதும், காசு கட்டற பிரீமியம் எல்லா தெபார்த்மான்லயும் தேடியும் ஆளு மாட்டாதப்போ மட்டும் யோசிங்க. அங்க மத்தவங்க போட்ட மரத்தை அப்படியே காப்பி பண்ணாதீங்க, ஒவ்வொரு வரிக்கும் அக்ட்டைத் திறந்து பாருங்க.

மொத்தத்துல ஒரு கிளையை 1700 வரைக்கும் கொண்டு போக, வேலைக்குப் போய்க்கிட்டே பண்றதா இருந்தா சில மாசம் வைங்க, செலவு ஸ்டாம்ப் காசும் ரயில் டிக்கெட்டும்தான்.

பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துக்காரங்களுக்கு

உங்க தாத்தா ஃபிரெஞ்சு குடியுரிமை உள்ளவர்னா வழி கொஞ்சம் வேற. 100 வருஷத்துக்கு மேலான பதிவு எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ்ல இருக்கற ஆனோம் (ஃபிரான்ஸோட பழைய காலனி ஆவணங்களுக்கான தேசிய காப்பகம்) ஆர்ஷீவ் தளத்துல இலவசமா பாக்கலாம், புதுசு எல்லாம் நான்த்ல இருக்கற வெளியுறவு அமைச்சக ஆபீஸ்ல கேக்கணும். குடும்பப் பேர் 1881 செப்டம்பர் 21 ஆணைக்கு அப்புறம் ரெனோன்சான் (உள்ளூர் வழக்கச் சட்டத்தை விட்டு ஃபிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டவர்) ஆகும்போது எடுத்ததா இருந்தா, அது ஃபிரெஞ்சுப் பேராவே இருந்தாலும் மேல சொன்ன மேப், அகராதி எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அந்தப் பேரை எடுத்தவர் யார், எந்த வருஷம், அதுக்கு முன்னாடி அப்பா பேர் பதிவுல எப்படி இருந்துச்சுன்னு ஆனோம் ரெஜிஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க.